பழைய தேதி போட்ட போலீஸ் கேப்டன்

உங்கள் வீட்டில் மகனோ மகளோ பேரனோ போலீஸ் வேலைக்குத் தயாராகிக்கொண்டிருந்தால் இதை அவசியம் படிக்கக் கொடுங்கள். புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பயிற்சியில் என்ன சொல்லித் தருவார்கள்? கைநீட்டிக் காசு வாங்காதே, பொய் ரிக்கார்டு எழுதாதே, மேலதிகாரி உத்தரவை மீறாதே. மூன்றும் சரிதான். ஆனால் உத்தரவுப்படி நடந்தால் எதிரில் நிற்கிறவன் உயிர் போய்விடும் என்றால் என்ன செய்வது? சுவிட்சர்லாந்தில் பால் க்ரூனிங்கர் என்ற போலீஸ் அதிகாரிக்கு 1938-ல் இந்தச் சங்கடம் வந்தது.

க்ரூனிங்கர் 1891-ல் செயின்ட் காலன் என்ற ஊரில் பிறந்தவர். பள்ளி வாத்தியாராகப் பயிற்சி பெற்று, சில காலம் பாடமும் நடத்தினார். கால்பந்தில் கெட்டிக்காரர். அவர் ஆடிய ப்ரூல் அணி 1915-ல் தேசியச் சாம்பியன் ஆனது. 1919-ல் போலீஸில் சேர்ந்து, 1925-ல் அந்த மாநிலப் போலீஸுக்கே தலைவரானார். கேப்டன் பதவி, மனைவி, பிள்ளைகள், கௌரவமான வாழ்க்கை. அதுவரை அவரைப் பற்றி எழுத வேறு விசேஷம் ஒன்றும் இல்லை.

1938 மார்ச்சில் ஹிட்லர் ஆஸ்திரியாவைப் பிடித்துக்கொண்டான். அங்கிருந்த யூதர்களுக்குக் கடை போயிற்று, வேலை போயிற்று, தெருவில் நடக்க முடியவில்லை. செயின்ட் காலன் மாநிலத்துக்கும் ஆஸ்திரியாவுக்கும் நடுவில் ரைன் ஆறுதான் எல்லை. ராத்திரியில் ஆற்றைக் கடந்து குடும்பம் குடும்பமாக வந்தார்கள். ஆகஸ்டில் சுவிஸ் அரசு எல்லையை மூடியது. விசா இல்லாமல் வருகிற அகதிகளைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்று உத்தரவு.

அந்த உத்தரவு வருவதற்கு முன் போலீஸ் துறைப் பொறுப்பாளர்களின் கூட்டம் ஒன்று நடந்தது. அங்கே க்ரூனிங்கர் வாயைத் திறந்து பேசினார். மனிதாபிமானத்தைப் பார்த்தால் இவர்களைத் திருப்பி அனுப்புவது முடியாத காரியம் என்பது அவர் வாதம். எடுபடவில்லை. இந்த இடத்தைப் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் அழுத்திச் சொல்லுங்கள். கூட்டத்தில் தலையாட்டிவிட்டு வெளியே வந்து முணுமுணுக்கிற ஆள் இல்லை அவர்.

பிறகு அவர் செய்ததுதான் வில்லங்கமானது. எல்லை மூடிய பிறகு வந்தவர்களின் தாள்களில், மூடுவதற்கு முன்பே வந்துவிட்டதாகப் பழைய தேதி போட்டார். தடைக்கு முன் வந்தவர் என்றால் தங்கலாம். தடைக்குப் பின் வந்தவர் என்றால் திரும்பிப் போக வேண்டும். ஒரு தேதிதான் வித்தியாசம். எத்தனை பேர் வந்தார்கள் என்று மேலே அனுப்பிய கணக்கும் உண்மைக் கணக்கு இல்லை.

முப்பது வருஷத்துக்கு மேல் பாங்க் கவுன்டரில் உட்கார்ந்தவன் நான். எங்கள் தொழிலில் பழைய தேதி போடுவது போல ஒரு பாவம் கிடையாது. நேற்றைய வவுச்சரை இன்றைக்கு எழுதினால் விசாரணை, சஸ்பென்ஷன்தான். அதனால் இவர் செய்ததை முதலில் கேள்விப்பட்டபோது எனக்கு உறுத்தியது. யோசித்துப் பார்த்தால், பாங்கில் பழைய தேதி போட்டு மாட்டிக்கொண்ட ஆள் யாராக இருந்தாலும் அதில் அவனுக்கோ அவனைச் சேர்ந்தவனுக்கோ ஏதாவது ஆதாயம் இருக்கும். இவருக்கு என்ன கிடைத்தது? உடுத்திய துணியோடு வந்தவர்களுக்குக் குளிருக்கு உடுப்பு வாங்கித் தர இவர் கைக்காசுதான் போனது.

தனியாகவும் செய்துவிடவில்லை. வந்தவர்களுக்குச் சாப்பாடு, தங்கும் இடம் என்ற செலவை அந்த ஊர் யூதர்களின் உதவிச் சங்கம் ஏற்றுக்கொண்டது. அதை நடத்திய சிட்னி டிரைஃபுஸ் இவருக்குக் கூட்டாளி. அவருடைய மகள் ரூத் டிரைஃபுஸ் 1999-ல் சுவிட்சர்லாந்தின் முதல் பெண் ஜனாதிபதி ஆனார் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

எத்தனை பேரை இப்படிக் காப்பாற்றினார் என்பதில் கணக்குகள் வேறுபடுகின்றன. சில நூறு என்பாரும் உண்டு, 3,600 என்பாரும் உண்டு. எல்லையை மூடிய பிறகும் அந்த ஒரு மாநிலத்தில் மட்டும் அகதிகள் கூடிக்கொண்டே போவது தலைநகரில் இருந்தவர்களின் கண்ணில் பட்டது. விசாரணை வந்தது. 1939 வசந்தத்தில் இவரை வேலையை விட்டு நீக்கினார்கள். இருபது வருஷ சர்வீஸ், வயது 47, பென்ஷனும் கிடையாது. பென்ஷன் வாங்குகிறவர்களுக்குத் தெரியும், அந்தக் கடைசி வார்த்தையின் கனம்.

வழக்கு 1940 கடைசியில் முடிந்தது. கடமை தவறினார், ஆவணத்தில் பொய் எழுதினார் என்று தீர்ப்பு. 300 ஃப்ராங்க் அபராதம், வழக்குச் செலவு வேறு. அவர் நோக்கத்தில் சுயநலம் இல்லை என்பதை நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. ஆனாலும் அரசு ஊழியன் உத்தரவுப்படிதான் நடக்க வேண்டும் என்றது. ஊர் வாய் அதைவிட மோசம். காசு வாங்கினார், பெண்களிடம் தப்பாக நடந்தார் என்றெல்லாம் புரளி கிளம்பியது. எதற்கும் ஆதாரம் இல்லை. நல்லது செய்தவனைப் பற்றி இப்படிப் பேசினால்தான் சும்மா இருந்தவர்களுக்கு நிம்மதி போலும்.

அதன் பிறகு முப்பது வருஷத்துக்கு மேல் உயிரோடு இருந்தார். நிலையான வேலை கிடைக்கவில்லை. மழைக்கோட்டு விற்றார், கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தார், பின்னால் மறுபடியும் பள்ளியில் பாடம் எடுத்தார். தான் செய்ததற்கு அவர் வருந்தியதே இல்லை. பத்திரிகைகள் கேள்வி கேட்ட பிறகு, 1970 டிசம்பரில் அரசு பட்டும் படாமலும் ஒரு வருத்தக் கடிதம் அனுப்பியது. வழக்கைத் திறக்கவும் இல்லை, பென்ஷனைத் தரவும் இல்லை. 1971-ல் இஸ்ரேலின் யாத் வாஷெம் நிறுவனம் அவரைக் கௌரவித்தது. 1972 பிப்ரவரியில், எண்பது வயதில், ஏழையாகவே இறந்தார்.

உத்தரவு பிடிக்கவில்லை என்று ஆளாளுக்கு மீறலாமா என்று நீங்கள் கேட்பீர்கள். கூடாது. நாளைக்கே ஒரு சப் இன்ஸ்பெக்டர் தனக்கு வேண்டியவனுக்காக எஃப்.ஐ.ஆரில் தேதியை மாற்றிவிட்டு க்ரூனிங்கர் பெயரைச் சொன்னால் ஒத்துக்கொள்ள முடியாது. இவர் காப்பாற்றியவர்கள் இவருக்கு வேண்டியவர்கள் இல்லை, முன்பின் தெரியாதவர்கள். திருப்பி அனுப்பினால் கதி என்ன என்பதும் யூகம் இல்லை, எல்லையில் நின்றவருக்குக் கண்ணெதிரே தெரிந்தது. மாட்டிக்கொண்டதும் தண்டனையை அனுபவித்தவர் இவர்தான்.

அவர் போன பிறகும் குடும்பமும் மற்றவர்களும் விடவில்லை. 1993-ல் மாநில அரசு அவர் மேல் இருந்த களங்கத்தை நீக்கியது. 1995-ல் வழக்கை மறுபடி எடுத்து, தண்டித்த அதே மாவட்ட நீதிமன்றமே அவரை விடுதலை செய்தது. பிறர் உயிருக்கு ஆபத்து இருந்த நிலைமையில் அவர் செய்தது நியாயம்தான் என்று தீர்ப்பு. இறந்து 23 வருஷம் ஆகியிருந்தது. 1998-ல் அவருக்குச் சேர வேண்டிய சம்பளத்துக்கும் பென்ஷனுக்கும் ஈடாகச் சுமார் 13 லட்சம் ஃப்ராங்க் வாரிசுகளுக்கு வந்தது. அதை அவர்கள் வீட்டுக்கு எடுத்துக்கொள்ளாமல் அவர் பெயரில் ஓர் அறக்கட்டளையில் போட்டுவிட்டார்கள்.

இப்போது ப்ரூல் அணி ஆடும் மைதானத்துக்கு அவர் பெயர். சுவிட்சர்லாந்தின் டீபோல்ட்ஸாவிலிருந்து ஆஸ்திரியாவின் ஹோஹெனெம்ஸுக்குப் போகும் எல்லைப் பாலத்துக்கும் 2012-ல் க்ரூனிங்கர் பாலம் என்று பெயர் வைத்தார்கள். அகதிகள் ராத்திரியில் பதுங்கி வந்த பக்கம் அதுதான்.