கல்லைப் படித்த குமாரசுவாமி: மாத்தளை மலையிலிருந்து கொட்டியாரக் குடா வரை

ஆனந்த குமாரசுவாமியை நடராசர் வடிவம் பற்றி எழுதிய கலை அறிஞராகவே பலரும் அறிவர். ஆனால் அவர் முதலில் படித்தது கல்லை.

1877 ஓகஸ்ட் 22 ஆம் திகதி கொழும்பில் பிறந்தார். தந்தை சேர் முத்து குமாரசுவாமி. தாய் ஆங்கிலேயரான எலிசபெத் பீபி. பொன்னம்பலம் இராமநாதன், அருணாசலம் சகோதரர்களுக்கு இவர் தாய்மாமன் மகன். இரண்டு வயது நிறையுமுன் தந்தை காலமானார். இங்கிலாந்தில் வளர்ந்து, இலண்டனில் புவிச்சரிதவியலும் தாவரவியலும் கற்றார். 1900 இல் இலங்கையின் பாறைகளும் காரீயமும் பற்றியும், 1902 இல் பளிங்குச் சுண்ணக்கல் பற்றியும் ஆய்வுக் கட்டுரைகள் எழுதினார். 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிய அளவையின் முதல் பணிப்பாளராக இருந்தார். தோரியனைட் என்ற கனிமத்தை 1904 இல் உலகம் அறிந்ததில் அவருக்குப் பெரும் பங்குண்டு.

அவர் ஆராய்ந்த பளிங்குச் சுண்ணக்கல் மாத்தளையில் நிறைய உண்டு. தேயிலை மண்ணின் புளிப்பைக் குறைக்கத் தோட்டங்களில் போடும் டொலமைட் இந்த இனக் கல்தான். மழைநீர் இதை மெல்லக் கரைப்பதால், இது ஓடும் இடம் பள்ளமாகிறது. குவார்ட்சைட் எளிதில் கரையாது. அது முகடாக நிமிர்ந்து நிற்கிறது.

கடற்கரையிலும் இதே கணக்குத்தான். திருகோணமலையில் கோணேசர் கோயில் நிற்கும் குன்று குவார்ட்சைட். அதனால்தான் அலை எவ்வளவு மோதினாலும் அது முனையாக நீண்டு நிற்கிறது. யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல்லோ மாத்தளைக் கல்லைவிட மிக இளையது; கடலடியில் படிந்து உருவானது. நீர் அதைக் கரைத்துக் குகையும் கேணியும் ஆக்குகிறது. நிலாவரைக் கேணி அப்படி உண்டானது.

மலைக்கும் கரைக்கும் நேரடி உறவும் உண்டு. மாத்தளை நகரை ஒட்டி ஓடும் சுது கங்கை அம்பன் கங்கையாகி, மகாவலியில் கலந்து, மூதூரை அடுத்த கொட்டியாரக் குடாவில் கடலைச் சேர்கிறது. மலையில் உடைந்த கல்லே அங்கே மணலாக இறங்குகிறது. ஆற்றில் மணலை அளவின்றி அள்ளினால் கரைக்கு வரும் மணல் குறையும். கடல் உள்ளே வரும். இடம்பெயர்ந்து, மீண்டு வந்து, கரையோரத்தில் மறுபடி வீடு கட்டிய எம்மவர் அறிந்திருக்க வேண்டிய உண்மை இது.

கல் தேடி ஊர் ஊராகச் சென்ற குமாரசுவாமி, நலிந்துபோகும் கைவினைஞரைக் கண்டார். கவனம் கல்லிலிருந்து மனிதர்மேல் திரும்பியது. 1908 இல் கண்டிய சிங்களவரின் கலைகளைப் பற்றிப் பெருநூல் வெளியிட்டார். தமிழ்த் தந்தையின் மகன் செய்த அந்தப் பணியைச் சிங்கள மக்கள் இன்றும் மதிக்கின்றனர்.

1917 முதல் பாஸ்டன் நுண்கலை அரும்பொருளகத்தில் பணியாற்றினார். இறுதிக் காலத்தை இந்தியாவில் கழிக்க எண்ணியிருந்தார். அது கைகூடவில்லை. 1947 செப்டெம்பர் 9 ஆம் திகதி அமெரிக்காவிலேயே காலமானார்.