கதிரவனைப் படித்த ஜான்சென்

வானியல் அறிஞர் ஜூல்ஸ் ஜான்சென் 1824ஆம் ஆண்டு பிப்ரவரி 22ஆம் நாள் பாரிஸ் நகரில் பிறந்தார். இளமையில் நேர்ந்த விபத்தால் அவரது கால் ஊனமுற்றது. முறையான பள்ளிக் கல்வியும் அவருக்கு வாய்க்கவில்லை. எனினும் வங்கியில் பணியாற்றிக்கொண்டே கற்றுத் தேர்ந்தார். ஒளியைப் பகுத்து, அதனை உமிழும் பொருளின் தன்மையை அறியும் நிறமாலையியல் அவரது வாழ்நாள் துறையாயிற்று.

1868ஆம் ஆண்டு ஆகஸ்ட் 18ஆம் நாள் நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தைக் காண அவர் இந்தியா வந்தார். அன்றைய சென்னை மாகாணத்தின் குண்டூரில் தம் கருவிகளை நிறுவினார். நிலவு கதிரவனை மறைத்த சில நிமிடங்களில், அதன் விளிம்பில் எழுந்த செந்தழல்களை ஆராய்ந்து, அவற்றில் ஹைட்ரஜன் நிறைந்திருப்பதைக் கண்டார். அந்நிறமாலைக் கோடுகளின் பொலிவைக் கண்டவர், கிரகணம் இல்லாத வேளையிலும் அவற்றைக் காணலாம் எனத் தெளிந்தார். மறுநாளே அதில் வெற்றியும் பெற்றார்.

இங்கிலாந்தில் நார்மன் லாக்யரும் இம்முறையைத் தனியே கண்டறிந்தார். இருவர் கடிதங்களும் ஒரே நாளில் பாரிஸ் அறிவியல் கழகத்தை அடைந்தன. தழல்களின் ஒளியில் தோன்றிய மஞ்சள் கோடு ஒன்று, சோடியத்தினது அன்று. புதிய தனிமம் ஒன்றினது என்று லாக்யர் துணிந்தார். அதுவே ஹீலியம். 1895இல் வில்லியம் ராம்சே அதனைப் புவியிலும் கண்டார்.

1870இல் பகைவர் படை பாரிஸை முற்றுகையிட்டிருந்தபோது, மற்றொரு கிரகணத்தைக் காணும் பொருட்டு ஜான்சென் பலூனில் ஏறித் தப்பினார். அதனை உயர்த்தியது எளிதில் தீப்பற்றும் நிலக்கரி வாயு. உயிரைப் பணயம் வைத்து அல்ஜீரியா சென்றவருக்கு அங்கே முகில்கள் கதிரவனை மறைத்தன. அவர் சோர்ந்துவிடவில்லை. மியூடன் வானாய்வகத்தை உருவாக்கி, 1907இல் மறையும்வரை உழைத்தார்.

அன்று செந்தழல்களில் ஒளிர்ந்த ஹைட்ரஜனும் ஹீலியமும் இன்று வாயு வண்ணப்பிரிகையில் பயன்படுகின்றன. குற்றால மலைக் கிராம்பின் எண்ணெயை ஆவியாக்கி, அதன் கூறுகளை நீண்ட குழாயினூடே சுமந்து சென்று பிரிக்க இவை உதவும். ஹீலியம் தீப்பற்றாது, வினைபுரியாது. ஆயினும் அது அரிதானது, விலை மிகுந்தது. நைட்ரஜன் மலிவானது, ஆனால் நுண்குழாய்களில் விரைந்து பிரிக்க இயலாது. ஹைட்ரஜன் விரைந்து பிரிக்கும்; ஆனால் காற்றில் 4 விழுக்காடு கலந்தாலே ஒரு பொறியில் வெடிக்கக்கூடும். கசிந்த வாயு கருவியின் சூடான அறைக்குள் தேங்குவது பேரிடர். ஆதலின் இணைப்புகளில் கசிவு இல்லை என உறுதிசெய்த பின்னரே சூடேற்ற வேண்டும். உருளையைச் சங்கிலியால் பிணைத்து நிறுத்துவதும் ஆய்வகத்தில் காற்றோட்டம் அமைப்பதும் இன்றியமையாதவை. தீப்பற்றாத ஹீலியமும் மூடிய அறையில் பெருகினால் மூச்சுக்குரிய ஆக்சிஜனைக் குறைத்துவிடும்.

எட்டாத் தொலைவிலிருந்த வாயுவின் இயல்பை ஒளிவழி அறிந்தவர் ஜான்சென். கைக்கெட்டும் வாயுவின் இயல்பை அறிந்தபின் அதனைக் கையாள்வதே அறிவியல் பயில்வோர்க்கு அழகு.