கால்வாய்க்குப் பெயர் கொடுத்த கவர்னர்

தேர்வாய் கண்டிகை, கும்மிடிப்பூண்டி பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு இன்று சரக்கு லாரியில் வருகிறது. அங்கிருந்து கிழக்கே பழவேற்காட்டை நோக்கிப் போனால், கடலோரமாக ஒரு பழைய கால்வாய் தெரியும். ஒரு காலத்தில் வடக்கே இருந்து சென்னைப் பட்டணத்துக்கு விறகும் உப்பும் நெல்லும் அதில்தான் படகு படகாக வந்தன.

அது பக்கிங்காம் கால்வாய். யார் அந்தப் பக்கிங்காம்?

ஏலம் போன வீடு

அவர் இங்கிலாந்துக்காரர். 1823-ம் ஆண்டு செப்டம்பர் 10-ந் தேதி, பெரிய பிரபு குடும்பத்தில் ஒரே மகனாகப் பிறந்தார். தந்தைக்கு "டியூக்" பட்டம். அரச குடும்பத்துக்கு அடுத்தபடியான உயர்ந்த பட்டம் அது. ஆனால் தந்தை பெரிய செலவாளி. கடன் கழுத்தை நெரித்தது. 1848-ல் ஸ்டோ என்ற அவர்களுடைய மாளிகையில் இருந்த சாமான்கள் எல்லாம் ஏலத்துக்கு வந்தன. ஏலம் 40 நாள் நடந்தது! ஓவியங்கள், வெள்ளிப் பாத்திரங்கள், ஒன்றும் மிஞ்சவில்லை.

மகன் வேலைக்குப் போனார். பெரிய ரெயில் கம்பெனி ஒன்றின் தலைவராக 1853 முதல் 1861 வரை உழைத்தார். 1861-ல் தந்தை இறந்ததும் பட்டம் இவருக்கு வந்தது. பிறகு மந்திரி பதவியும் கிடைத்தது. தம் நிலத்திலேயே சொந்தமாக ஒரு சிறு ரெயில் பாதை போட்டவர் இவர். ரெயில் பிரியரான அவருடைய பெயர் கடைசியில் ஒரு படகுக் கால்வாய்க்கு வந்து சேர்ந்ததுதான் வேடிக்கை.

1875 நவம்பரில் சென்னை கவர்னராக வந்தார். அதற்கு முந்திய ஆண்டுதான் மனைவியை இழந்திருந்தார்.

தாது வருஷப் பஞ்சம்

அடுத்த ஆண்டே மழை பொய்த்தது. அதுதான் பாட்டிமார் கதை கதையாகச் சொன்ன தாது வருஷப் பஞ்சம். ஏரி வறண்டது, மாடு செத்தது, ஜனங்கள் பட்டணத்தை நோக்கி நடந்தார்கள். வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம்.

பக்கிங்காம் பிரபு ஒரு காரியம் செய்தார். ஒரு வியாபாரக் கம்பெனி மூலம் 30 ஆயிரம் டன் தானியத்தை ரகசியமாக வாங்கச் செய்தார். விஷயம் வைசிராய் லிட்டன் பிரபுவுக்கு எட்டியது. சர்க்கார் வியாபாரத்தில் தலையிடக் கூடாது என்று அவர் கண்டித்தார். அந்த லிட்டன்தான் 1877 ஜனவரி 1-ந் தேதி டெல்லியில் ஆடம்பரமாக தர்பார் நடத்தியவர்!

செலவைக் குறைக்க ரிச்சர்டு டெம்பிள் என்ற அதிகாரியை வைசிராய் அனுப்பினார். மண் வெட்டும் கூலிக்கு ஒரு நாளைக்கு ஒரு ராத்தல் தானியம், அதாவது அரைக் கிலோவுக்கும் குறைவு, போதும் என்று டெம்பிள் கணக்குப் போட்டார். உழைக்கிறவனுக்கு அது எப்படிப் போதும்? சென்னை சுகாதார அதிகாரி டாக்டர் கார்னிஷ் எதிர்த்தார். பக்கிங்காம் முதலில் டெம்பிள் சொன்னதை ஏற்றுக்கொண்டார். அது அவர்மேல் உள்ள குறைதான். சில மாதம் கழித்தே கூலி உயர்ந்தது. 1877 ஆகஸ்டில் சென்னையில் கூட்டம் கூட்டி, உதவி கேட்டு லண்டனுக்குத் தந்தி கொடுத்தார். இங்கிலாந்து மக்கள் பணம் திரட்டி அனுப்பினார்கள். அதற்குள் லட்சக்கணக்கானோர் மாண்டுவிட்டார்கள்.

எட்டு கிலோமீட்டர்

கால்வாயை முதலில் வெட்டியவர் பக்கிங்காம் அல்ல. 1806-ல் கொக்ரேன் என்ற காண்டிராக்டர் சென்னையில் இருந்து எண்ணூர் வரை வெட்டினார். பிறகு அது பழவேற்காட்டைத் தாண்டி வடக்கே நீண்டது. தெற்கேயும் ஒரு கால்வாய் இருந்தது. ஆனால் கூவத்துக்கும் அடையாற்றுக்கும் நடுவே வழி இல்லை. வடக்குப் படகு கூவத்தோடு நின்றது. தெற்குப் படகு அடையாற்றோடு நின்றது.

அந்த 8 கிலோமீட்டரை 1877, 1878-ம் ஆண்டுகளில் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டினார்கள். எலும்பும் தோலுமான ஆணும் பெண்ணும் மயிலாப்பூர் வழியே மண் சுமந்தார்கள். வேலை முடிந்தது. கால்வாய்க்குக் கவர்னர் பெயர் வைத்தார்கள். மண் சுமந்தவர்களின் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை.

ஆந்திராவில் பெத்தகஞ்சாம் முதல் மரக்காணம் வரை சுமார் 420 கிலோமீட்டர் நீர்வழி ஒன்றானது. காற்று அடித்தால் பாய் விரிப்பார்கள். இல்லாவிட்டால் ஆட்கள் கரையில் நடந்து கயிற்றால் படகை இழுப்பார்கள். கடல் நீர் ஏறி இறங்குவதைச் சமாளிக்கக் கதவு வைத்த மதகுகள் உண்டு. கதவு திறக்கும்வரை படகு காத்துக் கிடக்கும். அதற்குள் படகிலேயே சோறு வெந்துவிடும்.

1880-ல் பக்கிங்காம் ஊர் திரும்பினார். 1889 மார்ச் 26-ந் தேதி லண்டனில் இறந்தார். மூன்றும் பெண்கள், ஆண் வாரிசு இல்லை. ஆகவே அந்த டியூக் பட்டம் அவரோடு முடிந்தது. கால்வாயில் மட்டும் அதற்குப் பின்னும் பல பத்தாண்டுகள் விறகுப் படகுகள் வந்துகொண்டிருந்தன.