கரை சேர்ந்த கடலரசி

புனித சவேரியார் 1552-இல் சீனாவின் சாங்சுவான் தீவில் உயிர்நீத்தார் என்பதை நாம் அறிவோம். அத்தீவு அமைந்துள்ள குவாங்டோங் கடலோரத்தில், இரண்டரை நூற்றாண்டுகளுக்குப் பின் ஒரு பெண் கடற்கொள்ளையரின் தலைவியாக விளங்கினார். புனிதர்களையும் சான்றோரையும் போற்றும் இம்மலரில் கொள்ளைக்காரிக்கு இடமுண்டா என்று நம்மில் சிலர் வியக்கலாம். அவர் கதையின் முடிவே அதற்கு விடை.

ஏறத்தாழ 1775-இல் பிறந்த அவர், 1801-இல் ஜெங் யீ என்ற கொள்ளையர் தலைவனை மணந்தார். 'ஜெங் யீ சாவ்' என்றால் ஜெங் யீயின் மனைவி என்று பொருள். அப்பெயராலேயே உலகம் அவரை அறியும். 1805-இல் கொள்ளைக் கூட்டங்கள் ஆறு நிறக் கொடிகளின் கீழ் ஒன்றுபட்டன. 1807-இல் கணவன் இறந்தான். கைம்பெண்ணான அவர் கலங்கி ஒடுங்கவில்லை. வளர்ப்பு மகனாக இருந்த ஜாங் பாவைத் தளபதியாக்கித் தலைமையைத் தாமே ஏற்றார்.

அப்படையின் சட்டங்கள் கடுமையானவை. தலைமையின் ஆணையின்றிச் செயல்பட்டவனுக்கும், சிறைப்பட்ட பெண்களிடம் முறைகேடாக நடந்தவனுக்கும் மரணமே தண்டனை. கொள்ளைப் பொருளைப் பொதுக் களஞ்சியத்தில் சேர்த்துப் பங்கிட்டனர். உப்புக் கப்பல்களும் வணிகக் கப்பல்களும் பணம் கட்டி அனுமதிச் சீட்டு பெற்றே பயணம் செய்தன.

இவற்றை நாம் புகழ்வதற்கில்லை. 1809-இல் முத்து ஆற்றங்கரைக் கிராமங்கள் எரிந்தன; பலர் மடிந்தனர்; எஞ்சியோர் பிணைப்பணத்துக்காகப் பிடித்துச் செல்லப்பட்டனர். அரசுப் படையாலும் மக்காவுவின் போர்த்துக்கீசியக் கப்பல்களாலும் அவர்களை ஒழிக்க முடியவில்லை. ஆயினும் கொள்ளையரிடையே பிளவு தோன்றியது. அரசு பொதுமன்னிப்பு அளிக்க முன்வந்தது. முதலில் நடந்த பேச்சுவார்த்தை சந்தேகத்தால் முறிந்தது.

அப்போதுதான் அவர் துணிந்தார். 1810 ஏப்ரலில் ஆயுதம் ஏதுமின்றி, பெண்களையும் குழந்தைகளையும் மட்டும் அழைத்துக்கொண்டு, கான்டன் நகரில் ஆளுநர் பாய் லிங்கின் மாளிகைக்குச் சென்றார். பீரங்கிகளால் முடியாததை அந்தப் பேச்சு முடித்தது. 17,000-க்கும் மேற்பட்டோர் 226 கப்பல்களுடன் சரணடைந்தனர். சிலர் தண்டிக்கப்பட்டனர், பெரும்பாலோர் மன்னிப்புப் பெற்றனர். ஜாங் பாவ் அரசுப் படையில் அதிகாரியானார். அவரையே ஜெங் யீ சாவ் மணந்தார். 1822-இல் மீண்டும் கைம்பெண்ணாகி, 1844-இல் காலமானார்.

அறிவும் ஆளும் திறனும் இறைவன் தந்த கொடைகள். அவற்றை அவர் நெடுங்காலம் தீய வழியில் செலவிட்டார். எனினும் ஆயுதத்தைக் கீழே வைத்த அந்த ஒரு நாளில்தான் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பிழைத்தன. நம் திறமைகளை முதல் நாளிலிருந்தே நல்வழியில் செலுத்துவோமாக!