மார்செல்லோ மால்பிகி

பெரும்பொருள்களை ஆராய்ந்து பெரும்புகழ் எய்தினோர் உலகிற் பலர்; தவளையையும் பட்டுப்புழுவையும் ஆராய்ந்து அழியாப் புகழ் எய்தினோர் மிகச் சிலர். அச்சிலருள் தலைசிறந்தவர் இத்தாலிய மருத்துவர் மார்செல்லோ மால்பிகி. தறியோசை ஓயாத ஆரணியிற் பிறந்த நாம் பட்டை நன்கறிவோம். பட்டுப்புழுவின் உள்ளுறுப்புக்களை விளங்கக் கண்டுரைத்த இப்பெரியாரை அறிந்தார் நம்முள் அரியர். ஆதலின் அவர்தம் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

இவர் 1628 ஆம் ஆண்டில் பொலோஞா நகருக்கு அண்மையிலுள்ள கிரெவல்கோரே என்னும் சிற்றூரில் தோன்றினார். குருதி இதயத்தினின்று தமனிகள் வழியே சென்று சிரைகள் வழியே மீள்கின்றது என்னும் உண்மையை ஆங்கில மருத்துவர் வில்லியம் ஹார்வி நூலாக வெளியிட்டதும் அவ்வாண்டிலேயாம். மால்பிகி பதினேழாம் வயதிற் பொலோஞாப் பல்கலைக்கழகம் புகுந்தார். 1649 இல் தாய், தந்தை, பாட்டி ஆகிய மூவரையும் இழந்தமையால், குடும்பப் பொறுப்பைத் தாங்கும்பொருட்டுச் சில காலம் கல்வியை விடுத்தார். எனினும் ஊக்கந் தளராது மீண்டும் பயின்று, 1653 இல் மருத்துவப் பட்டம் பெற்றார். பின்னர்ப் பீசா நகரில் ஆசிரியராய் அமர்ந்து, கணிதப் புலவர் பொரெல்லியின் நட்பையும் பெற்றார்.

ஹார்வியின் கொள்கையில் ஓர் இடைவெளி எஞ்சியிருந்தது. தமனியின் கடைகோடியிலிருந்து குருதி சிரையை எவ்வாறு சேர்கின்றது என்பதைக் காணாமலே அவர் 1657 இற் காலமானார். குருதி ஊனிடைச் சிந்திப் பரவி, பின் சிரைகளில் ஊறிச் சேர்கின்றது என்று கருதினோர் பலர். பெரிய விலங்குகளின் நுரையீரலில் இதற்கு விடை காணாத மால்பிகி, தவளையின் நுரையீரலை உருப்பெருக்கிக் கண்ணாடியின்கீழ் வைத்து நோக்கினார். ஆண்டு மயிரினும் நுண்ணிய குழல்கள் வலைபோற் பின்னிக் கிடந்தன. குருதி சிந்தவில்லை, சுவருடைய குழல்களுக்குள்ளேயே ஓடிற்று. தந்துகி என நாம் இன்று கூறும் அக்குழல்களைப் பற்றி 1661 இல் அவர் பொரெல்லிக்கு இரு கடிதங்கள் எழுதி வெளியிட்டார்.

பின்னர், இலண்டன் அரச கழகத்தார் வேண்ட, பட்டுப்புழுவை ஆராயத் தொடங்கினார். காய்ச்சலும் கண்ணோயும் வருத்தியும் அவர் அப்பணியைக் கைவிட்டாரில்லை. பட்டு சுரக்கும் பைகளையும், மூச்சுக் குழல்களையும், இன்று அவர் பெயரால் வழங்கும் மால்பிஜியன் குழல்களையும் அப்புழுவினுட் கண்டார். 1669 இல் அரச கழகம் அந்நூலை அச்சிட்டதோடு, அவரைத் தன் உறுப்பினராகவும் ஏற்றது.

புகழ் வந்தவழிப் பகையும் வந்தது. பழங்கொள்கையைப் பற்றிநின்ற பேராசிரியர் சிலர் அவரை ஓயாது இகழ்ந்தனர். 1684 இல் அவர் இல்லம் தீப்பற்ற, கண்ணாடிகளும் கையெழுத்துச் சுவடிகளும் எரிந்தொழிந்தன. அந்நிலையிலும் அவர் ஆராய்ச்சியை நிறுத்தினாரில்லை. 1691 இற் போப்பாண்டவரின் மருத்துவராக உரோமை சென்றார். 1694 நவம்பரில் அங்கேயே உயிர் நீத்தார். உடலை அறுத்து ஆராய்ந்தபோது, மூளையினுட் குருதி கசிந்து நிறைந்திருத்தல் புலனாயிற்று. குருதிக் குழலின் நுண்சுவரை உலகிற்குக் காட்டியவர், அத்தகைய சுவர் ஒன்று உடைந்தே மாண்டார்.

அச்சுவர் எதனால் ஆயது என்பதை அவருடைய கண்ணாடி காட்டவில்லை. இருநூறு ஆண்டுகள் கழித்து, 1860 களில், வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலைத் தோய்த்த ஜெர்மானிய அறிஞர், தந்துகியின் சுவர் ஓடுகள் பதித்தாற்போன்ற தட்டையான உயிரணுக்களால் ஆயதென்று கண்டனர். அவற்றைப் புறத்தே தழுவிநிற்கும் வேறுவகை உயிரணுக்களை 1873 இல் ரூஜே என்னும் பிரெஞ்சு அறிஞர் விளக்கினார். பெருங்குழல்களிலோ வரியற்ற தசையும் நாரும் கூடுதலாக அமைந்துள்ளன. பட்டுச் சேலையிற் பாவு வேறு, ஊடை வேறு, சரிகை வேறு ஆதல்போல, இச்சுவரிலும் ஒவ்வோர் உயிரணுவிற்கும் ஒவ்வொரு தொழில் உண்டு. உறுப்புக்கேற்பவும் அவை வேறுபடும்: மூளையில் இடைவெளியின்றி நெருங்கி நிற்பவை, ஈரலில் துளைகளோடு விளங்குகின்றன. நீரிழிவு நோயிற் கண்ணின் தந்துகிகளைத் தழுவிய உயிரணுக்கள் தொடக்கத்திலேயே அழிகின்றன. அதனாற் சுவர் தளர்ந்து பார்வை கெடுகின்றது. ஆகவே இவ்வேறுபாட்டை அறிதல் உயிர்காக்கும் கல்வியேயாகும்.

தாம் காணவியன்றதைத் திருத்தமாகக் கண்டு, காணவியலாததைப் பின்வருவோர்க்கு விட்டுச் சென்றார் மால்பிகி. குடும்பத் துயரும், நோயும், பகையும், நெருப்பும் அவர்தம் கருவிகளை அழித்தனவேயன்றிக் கருத்தை அழித்தில. கல்லூரியிற் பயிலும் நாம் அவர்பாற் கற்கத்தக்கது இவ்வுறுதியேயாம்.