ஐஸ் ஹவுஸ் தந்த அடைக்கலம்

சென்னை மெரீனா கடற்கரையில் இன்று விவேகானந்தர் இல்லம் என வழங்கும் மாளிகை, அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்க 1842-இல் எழுந்தது. 1897-இல் சுவாமி விவேகானந்தர் அங்கு ஒன்பது நாட்கள் விருந்தினராகத் தங்கினார். பிற்காலத்தில் அங்கு தங்கியவர்களோ போக்கிடமற்ற இளம் விதவைகள். அவர்களை அழைத்து வந்து ஆளாக்கியவர் சகோதரி சுப்பலட்சுமி அம்மையார்.

1886-இல் பிறந்த அம்மையாருக்குப் பதினோராம் வயதில் திருமணம் நடந்தது. விரைவிலேயே கணவர் மறைந்தார். விதவைப் பெண் மூலையில் முடங்கவேண்டும் என்றது அன்றைய சமூகம். தந்தையோ மகளைப் படிக்க வைத்தார். பிரசன்டேஷன் கான்வென்ட் கன்னியரின் தன்னலமற்ற தொண்டு அம்மையாரின் உள்ளத்தைத் தொட்டது. 1911-இல் அவர் பட்டம் பெற்றார்.

நான்கு சிறுமியருடன் அவர் தொடங்கிய இல்லம் வளர்ந்து ஐஸ் ஹவுஸுக்குக் குடிபெயர்ந்தது. அடுக்களை இருளில் வாடவேண்டிய பெண்கள் அங்கே தங்கிப் படித்து ஆசிரியைகளாயினர்.

முதுமையுற்ற அம்மையாரைச் சந்தித்த ஆங்கில எழுத்தாளர் மோனிகா ஃபெல்டன், அவரது வரலாற்றை 1966-இல் நூலாக வெளியிட்டார். அதன்மூலம் அந்த மாளிகையின் கதை கடல் கடந்தும் சென்றது. 1969-இல் அம்மையார் மறைந்தார்.

கே.கே. நகரிலிருந்து கடற்கரைக்குச் செல்லும் தோழியரே! அம்மாளிகையைக் காணும்போது, நாம் நாள்தோறும் சுமக்கும் புத்தகப்பை ஒருகாலத்தில் எத்தனை சிறுமியருக்கு எட்டாக்கனியாக இருந்தது என்பதை எண்ணிப் பாருங்கள்.