வீரமாமுனிவர் வாழ்வும் இத்தாலியப் பழம்பதிவுகளும்: ஊர், பெயர், மறைவு

வீரமாமுனிவர் எனத் தமிழுலகம் போற்றும் பெஸ்கி பாதிரியாருக்கு இலக்கிய வரலாற்று நூல்களில் இரண்டு மறைவு ஆண்டுகள் வழங்குகின்றன. 1742இல் மணப்பாட்டில் மறைந்தார் என்பது ஒன்று. 1747ஆம் ஆண்டு பிப்ரவரி 4ஆம் நாள் சேர நாட்டு அம்பலக்காட்டில் மறைந்தார் என்பது மற்றொன்று. ஐந்தாண்டு வேறுபாடு சிறிதெனத் தோன்றலாம். ஆயினும் முதல் ஆண்டை ஏற்பவர் அதனோடு ஒட்டிவரும் திவான் கதையையும் ஏற்கவேண்டியவராகிறார். இரண்டாம் ஆண்டை ஏற்பவர் அக்கதையை ஐயுறவேண்டியவராகிறார். ஆகவே இது வெறும் ஆண்டுக் கணக்கன்று. முனிவரின் வாழ்க்கையை எச்சான்றின்மேல் எழுப்புவது என்னும் வினா. அதற்குரிய விடை தமிழகத்து ஏடுகளில் பாதியும், இத்தாலியப் பதிவேடுகளிலும் உரோமை ஆவணக்காப்பகத்திலும் மீதியுமாகக் கிடக்கிறது.

பிறந்த ஊரும் குடும்பப் பெயரும்

பெஸ்கி 1680ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள் வட இத்தாலியில் கஸ்திலியோனே தெல்லே ஸ்திவியேரே என்னும் ஊரில் பிறந்தார். இன்று அவ்வூர் லொம்பார்தியா மாநிலத்து மாந்துவா மாவட்டத்தைச் சேர்ந்தது. அவர் பிறந்த நாளில் இத்தாலி என்றொரு அரசு இல்லை. கொன்சாகா மரபின் ஒரு கிளையினர் ஆண்ட சிற்றரசின் தலைநகராக அவ்வூர் இருந்தது. தமிழ்க் கத்தோலிக்கர் ஞானப்பிரகாசியார் என்று வணங்கும் புனிதரும் அம்மரபில் 1568இல் அவ்வூரிலேயே பிறந்தவர். ஞானப்பிரகாசியாருக்குப் புனிதர் பட்டம் வழங்கப்பட்ட 1726ஆம் ஆண்டிலேயே, அவருடைய ஊர்க்காரர் ஒருவர் காவிரி வடகரையில் தேம்பாவணியை நிறைவுசெய்தார் என்பது எண்ணத்தக்க ஒற்றுமை.

தமிழ் நூல்கள் முனிவரின் தந்தை பெயரைக் கொண்டல்போ என்றும் தாய் பெயரை எலிசபெத்து என்றும் தருகின்றன. கொண்டல்போ என்னும் வடிவம் இத்தாலியப் பெயர் மரபோடு பொருந்துவதன்று. கந்தோல்ஃபோ என்ற பழைய இத்தாலியப் பெயரே ஆங்கில எழுத்தின் வழியாகத் தமிழுக்கு வருகையில் இவ்வாறு திரிந்ததெனக் கொள்வது பொருந்தும். இத்தகைய திரிபு முன்னோர் வழி தேடுவோருக்குப் பெருந்தடை. பதிவேட்டில் இல்லாத ஒரு பெயரை வைத்துக்கொண்டு பதிவேட்டைத் தேடினால் எதுவும் அகப்படாது.

குடும்பப் பெயரிலும் ஒரு நுட்பம் உண்டு. இத்தாலிய எழுத்து முறையை அறியாது ஆங்கில வழியில் படித்தோர் அதனைப் பெச்சி என்றும் பெஷி என்றும் ஒலித்தனர். இத்தாலிய ஒலிப்பு பெஸ்கி என்பதே. தமிழ் வழக்கு இதில் பிழைபடவில்லை. இயற்பெயர் பற்றிய செய்தி இன்னும் சுவையானது. ஆங்கில நூல்களைப் பின்பற்றிக் கான்ஸ்டன்டைன் என்றே பலரும் எழுதிவருகின்றனர். இத்தாலியில் வழங்குவதோ கொஸ்தான்சோ என்னும் வடிவம். நிலைபேறு, உறுதி எனப் பொருள்படும் இலத்தீன் அடியிலிருந்து பிறந்த பெயர் அது. முனிவர் தமிழகத்தில் முதலில் பூண்ட தைரியநாதர் என்னும் பெயர் இப்பொருளையே தமிழாக்கியது. வீரமாமுனிவர் என்னும் பெயரும் அதே பொருள்வழியில் வந்ததே. ஆக, அவருடைய தமிழ்ப் பெயரே அவருடைய திருமுழுக்குப் பெயருக்கு ஒரு சான்றாக நிற்கிறது.

பதிவேடுகளின் இயல்பு

ஒன்றுபட்ட இத்தாலிய அரசின் குடிமைப் பதிவு முறை 1866இல் தொடங்கியது. அதற்கு முன்பு நெப்போலியன் ஆட்சியில், 1806 முதல் சில ஆண்டுகள், வட இத்தாலியில் அரசு பிறப்பு இறப்புகளைப் பதிந்தது. அதற்கும் முற்பட்ட காலத்துக்கு அரசு அலுவலகத்தை நாடுவதில் பயனில்லை. பங்குக் கோவில்களின் ஏடுகளே ஆதாரம். திரெந்துப் பொதுச்சங்கம் 1563இல் திருமண, திருமுழுக்குப் பதிவுகளைக் கட்டாயமாக்கியது. 1614இல் வெளிவந்த உரோமைச் சடங்கு நூல் இறப்புப் பதிவையும், ஆன்மாக்களின் நிலை எனப்படும் வீட்டுவாரி மக்கள் பட்டியலையும் சேர்த்தது. ஒரு வீட்டில் யார் யார் இருந்தனர், அவர்தம் வயது என்ன என்பதை ஓர் ஏட்டிலேயே காட்டும் இப்பட்டியல், குடும்ப வரலாறு தேடுவோருக்குத் திருமுழுக்கு ஏட்டைவிடப் பயன் மிகுந்தது.

இவ்வேடுகள் பெரும்பாலும் இலத்தீனில், சுருக்கக் குறியீடுகள் மலிந்த கையெழுத்தில் இருக்கும். பெயர்கள் வேற்றுமை உருபேற்று நிற்கும். தந்தையின் பெயர் ஆறாம் வேற்றுமை வடிவில் வருவதை எழுவாயாகக் கொண்டு படித்தவர்கள் புதிய பெயர்களையே படைத்துவிட்டதுண்டு. பிறந்த நாளும் திருமுழுக்கு நாளும் வேறாக இருக்கலாம். இத்தாலியர் பதினெட்டாம் நூற்றாண்டிலும் ஞாயிறு மறையும் பொழுதிலிருந்தே நாழிகை எண்ணும் வழக்கமுடையவர்; இரவில் நிகழ்ந்த பிறப்புக்கு நாள் குறிக்கையில் இதனையும் கருதவேண்டும். ஓர் ஏட்டின் படியைப் பங்கிலிருந்தோ மறைமாவட்டக் காப்பகத்திலிருந்தோ பெற விழைபவர் ஊர், ஆண்டு, பெற்றோர் பெயர் ஆகிய மூன்றையும் இத்தாலிய வடிவில் தரவேண்டும். முனிவரைப் பொறுத்தவரை, தமிழ் நூல்களின் வழி வரும் ஆய்வாளரிடம் அம்மூன்றனுள் ஒன்று திரிபுற்ற நிலையிலேயே உள்ளது.

துறவிக்கு வழித்தோன்றல் இல்லை. ஆதலால் தேடல் மேல்நோக்கியும் பக்கவாட்டிலும் மட்டுமே செல்லும். ஆனால் துறவி என்பதனாலேயே அவரைப் பற்றி வேறொரு வகைப் பதிவு பெருகிக் கிடக்கிறது.

சபைப் பட்டியல்கள்

பெஸ்கி 1698இல் இயேசு சபையில் சேர்ந்தார். பொலோஞாவில் மெய்யியலும் பின்னர் இறையியலும் கற்றார். இடையில் சபைக் கல்லூரியில் கற்பித்தார். மதுரைப் பணித்தளத்துக்குச் செல்ல விரும்பிச் சபைத் தலைவர் மிக்கேலாஞ்சலோ தம்புரீனியிடம் இசைவு பெற்றார். லிஸ்பன் வழியாகக் கப்பலேறி 1710 அக்டோபரில் கோவாவை அடைந்தார். மறு ஆண்டு தமிழகம் வந்து சேர்ந்தார்.

சபையில் சேர்ந்த ஒருவரின் வாழ்வு மூன்றாண்டுக்கொருமுறை உரோமைக்குச் செல்லும் பட்டியலில் பதியப்பட்டது. முதற் பட்டியலில் பெயர், பிறந்த நாடு, வயது, உடல்நலம், சபையில் சேர்ந்த காலம், கல்வி, பணி ஆகியன இருக்கும். இரண்டாம் பட்டியல் மறைவானது. அதில் பெயருக்குப் பதில் எண் மட்டுமே நிற்க, அவருடைய அறிவு, விவேகம், பட்டறிவு, இயல்பு ஆகியவற்றைத் தலைவர் மதிப்பிட்டிருப்பார். மூன்றாவது இல்லத்தின் பொருள்நிலை பற்றியது. இவையன்றி, ஆண்டுதோறும் யார் எங்குப் பணியாற்றுகின்றனர் என்பதைக் காட்டும் சிறுபட்டியலும், இறந்தோர் பட்டியலும் உண்டு. அயல்நாட்டுப் பணிக்கு விடைகேட்டு இளந்துறவியர் எழுதிய மடல்கள் மட்டும் 14,000க்கு மேல் உரோமையில் உள்ளன. மதுரைப் பணித்தளம் மலபார் மறைமாநிலத்துக்கு உட்பட்டிருந்தமையால், முனிவரின் ஆண்டுகளைத் தேடுவோர் மதுரை என்ற தலைப்பில் அன்றி மலபார் என்ற தலைப்பிலேயே பார்க்கவேண்டும்.

இப்பட்டியல்களிலும் குறையுண்டு. வயதைத் தோராயமாகக் குறிப்பதும், தொலைவிலுள்ள பணித்தளத்துச் செய்தி ஓராண்டு பிந்திப் பதிவாவதும் இயல்பு. எனினும் அவை அவர் வாழ்ந்த காலத்தில், அவரை அறிந்தவர்களால், நிருவாகத் தேவைக்காக எழுதப்பட்டவை. புகழ்வதற்கு எழுதப்பட்டவை அல்ல.

முத்துசாமிப் பிள்ளையின் சரித்திரம்

தமிழில் முனிவரின் வாழ்க்கையை முதன்முதல் விரிவாக எழுதியவர் சென்னைக் கல்விச் சங்கத்தைச் சேர்ந்த புதுவை முத்துசாமிப் பிள்ளை. எல்லிஸ் துரையின் தூண்டுதலால் தென்னாட்டு ஊர்களுக்குச் சென்று ஏடுகளையும் செவிவழிச் செய்திகளையும் திரட்டி 1822இல் அதனை எழுதினார். 1840இல் அது ஆங்கிலத்திலும் வெளிவந்தது. முனிவரின் நூல்கள் பல அழியாமல் நமக்குக் கிடைத்ததில் அவருக்குப் பெரும்பங்குண்டு. காவியுடையும் முத்துக் கடுக்கனும் புலித்தோலிட்ட பல்லக்குமாக முனிவரை நாம் மனத்தில் வரைந்துகொள்வதும் அவர் வழியாகத்தான்.

முனிவர் மறைந்து முக்கால் நூற்றாண்டு கழிந்தபின் திரட்டிய செய்தியில் நினைவும் வியப்பும் கலந்தே இருக்கும். அவ்வரலாற்றின்படி, 1736இல் திருச்சிராப்பள்ளியைக் கைப்பற்றிய சந்தா சாகிபு முனிவரைத் தம் திவானாக அமர்த்தினார். 1741இல் மராத்தியர் நகரைப் பிடித்துச் சந்தா சாகிபைச் சிறைகொண்டபோது முனிவர் தெற்கே சென்று மறு ஆண்டு உயிர்நீத்தார். அரசன் வீழ, அமைச்சர் அகன்று மறைவதாக அமைந்த இக்கதையில் 1742 என்னும் ஆண்டு கச்சிதமாகப் பொருந்துகிறது. பொருத்தம் மிகுந்திருப்பதே ஐயத்துக்கு இடமளிக்கிறது. கதையின் போக்கு ஆண்டை வரையறுத்ததா, ஆண்டு கதையை வரையறுத்ததா என்று கேட்கத் தோன்றும்.

திருச்சிராப்பள்ளியிலிருந்து 1918இல் பெஸ்கி பற்றிய ஆங்கில நூலை வெளியிட்ட லெயோன் பெஸ் அடிகளார் சபை ஆவணங்களைக் கொண்டு இவ்வினாவை அணுகினார். 1742இல் இறந்ததாகச் சொல்லப்பட்டவர் அதற்குப் பின்னும் உயிருடன் இருந்தமையை ஆவணங்கள் காட்டின. இறந்த இடம் அம்பலக்காடு, நாள் 1747 பிப்ரவரி 4 என்பது பின்வந்த ஆய்வாளரால் ஏற்கப்பட்டது. துறவியொருவர் நவாபின் திவானாக ஊதியம் பெற்றிருந்தால் அது சபை விதிக்கே புறம்பானது. மேலதிகாரிகளின் மடல்களில் கண்டனமாகவேனும் இடம்பெற்றிருக்கும். சந்தா சாகிபின் நன்மதிப்பை முனிவர் பெற்றிருந்தார் என்பதை மறுக்கவேண்டியதில்லை. நன்மதிப்பு வேறு, பதவி வேறு.

இத்தனைக்குப் பிறகும் பாடநூல்கள் சில 1742ஐயே அச்சிட்டு வருகின்றன.

ஏடுகள் தரும் வாழ்க்கை

பதிவுகளால் உறுதிப்படும் வாழ்க்கை கதையினும் எளியது, உழைப்பால் நிறைந்தது. காமநாயக்கன்பட்டியில் தொடங்கி, 1714-15இல் உயிருக்கே இடர் நேர்ந்து தப்பி, பின்னர் ஏலாக்குறிச்சியில் நெடுங்காலம் தங்கினார். அவ்வூரையே திருக்காவலூர் எனப் பெயரிட்டுப் பாடினார். மூன்று காண்டம், 36 படலம், 3,615 பாடல்கள் கொண்ட தேம்பாவணி அங்கிருந்து வந்தது. வேதியர் ஒழுக்கம், கொடுந்தமிழ் இலக்கணம், தொன்னூல் விளக்கம், செந்தமிழ் இலக்கணம், சதுரகராதி ஆகிய அனைத்தும் 1727 முதல் 1732 வரையான ஆறாண்டுகளுக்குள் அடங்குகின்றன. கொடுந்தமிழ் இலக்கணத்தை 1738இல் அச்சிட்டவர்கள், அவர் சமயவாதில் கடுமையாக எதிர்த்த தரங்கம்பாடி லுத்தரன் பாதிரிமார்களே. சமயப் பகை இலக்கணத்துக்குத் தடையாகவில்லை.

அம்பலக்காடு தமிழுக்குப் புதிய ஊர் அன்று. அந்தாம் தெ புரோயென்சாவின் தமிழ்–போர்த்துக்கீச அகராதி 1679இல், முனிவர் பிறப்பதற்கு ஓராண்டு முன்பு, அங்குதான் அச்சேறியது. அதன் படியொன்றைத் தனிநாயகம் அடிகளார் 1954இல் உரோமையில் வத்திக்கான் நூலகத்தில் கண்டெடுத்தார். அச்சிட்ட ஊரில் எஞ்சாதது உரோமையில் எஞ்சியிருந்தது. போர்த்துக்கல் அரசு 1759இல் தன் ஆட்சிப்பகுதிகளிலிருந்து இயேசு சபையாரை வெளியேற்றியது. 1773இல் சபையே ஒடுக்கப்பட்டது. இங்கிருந்த இல்லங்களின் ஏடுகள் சிதறின. உரோமைக்கு அவ்வப்போது அனுப்பிய படிகளே பல வேளைகளில் நமக்குக் கிட்டும் மூலங்கள்.

நாஞ்சில் நாட்டுச் சான்று

உரோமைப் பதிவுகளின் தேவையைக் குமரி மாவட்டத்து ஆய்வாளருக்குத் தனியே எடுத்துரைக்க வேண்டியதில்லை. நட்டாலத்து நீலகண்ட பிள்ளைக்கு 1745 மே 14இல், ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு அப்பாலுள்ள வடக்கன்குளத்தில் திருமுழுக்கு அளித்துத் தேவசகாயம் எனப் பெயரிட்டவர் ஜொவான்னி பத்திஸ்தா புத்தாரி என்னும் இத்தாலிய இயேசு சபைக் குரு. அந்நாளில் பெஸ்கி உயிருடன் இருந்தார். இருவரும் ஒரே மறைமாநிலத்தவர். 1742ஐ ஏற்பவரின் வரலாற்றில் இவ்விருவரும் ஒரே காலத்தவராக நிற்பதற்கே வழியில்லை.

தேவசகாயம் 1752 ஜனவரி 14இல் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டு, கோட்டாறு சவேரியார் கோவிலில் அடக்கம்செய்யப்பட்டார். அவரைப் பற்றிய கதைப்பாடலும் நாடகமும் நாஞ்சில் நாட்டில் வழிவழியாக நிலவின. எனினும் அவருடைய மரணத்தை நிறுவுவதில் பெருந்துணை செய்தது, நிகழ்ச்சி நடந்து நான்காண்டுகளில், 1756இல், கொச்சி ஆயர் உரோமைக்கு அனுப்பிய அறிக்கை. வாய்மொழியும் எழுத்தும் அங்கே ஒன்றையொன்று தாங்கின. 2012இல் நாகர்கோவிலில் அருளாளராகவும் 2022இல் உரோமையில் புனிதராகவும் அவர் அறிவிக்கப்பட்டதற்குப் பின்னே அவ்வேடுகளின் துணை உண்டு.

முனிவருக்கு அத்தகைய முழுத் தேடல் இன்னும் தமிழில் நிகழவில்லை. மலபார் மறைமாநிலத்துப் பட்டியல்களில் 1711 முதல் 1747 வரை அவர் பெயர் வரும் வரிகளை ஆண்டுவாரியாகப் படியெடுத்து, கஸ்திலியோனே பங்கின் திருமுழுக்கு ஏட்டு வரியையும் சேர்த்து, இலத்தீன் மூலமும் தமிழாக்கமுமாகப் பதிப்பித்தல் ஒரு தமிழ்த்துறையின் ஆற்றலுக்கு அப்பாற்பட்டதன்று. செண்பகனூர் இயேசு சபைக் காப்பகத்தில் பேணப்பட்டுவந்த படிகளிலிருந்து அப்பணியைத் தொடங்கலாம்.